போதும் என்பது யார் கடன்?

1951ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரம். முந்தைய ஆண்டில் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தில் உருகுவேயிடம் தோற்று அந்நாடே கண்ணீர் வடித்த மரக்கானா அரங்கில், இரு வீரர்கள் எதிரெதிரே நின்றனர். ஒருவர் ஜப்பானின் புகழ்பெற்ற ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா. மற்றவர், ஜியு-ஜிட்சு என்னும் பிடிக்கலையைப் பிரேசிலில் வளர்த்தெடுத்த குடும்பத்தைச் சேர்ந்த ஹெலியோ கிரேசி. கிமுரா எடையில் மிகுந்தவர், வயதில் இளையவர்.

இரண்டாம் சுற்றில் கிமுரா, ஹெலியோவைத் தரையில் வீழ்த்தி, அவருடைய கையை மடக்கி, முதுகுப்புறமாகத் திருகினார். அந்தப் பூட்டிலிருந்து விடுபட வழியில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினால் கை தப்பும். ஹெலியோ தட்டவில்லை. எலும்பு முறிந்தது. அப்போதும் அவர் தட்டவில்லை. அவருடைய தமையனார் கார்லோஸ் கிரேசி துவாலையை எறிந்து சண்டையை முடித்து வைத்தார். பின்னாளில் அக்குடும்பத்தாரே அந்தப் பூட்டுக்குக் 'கிமுரா' என்று வென்றவரின் பெயரைச் சூட்டிப் பெருமைப்படுத்தினர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது, சிலர் ஹெலியோவின் நெஞ்சுரத்தைப் புகழ்வர். சிலர் கிமுராவின் வலிமையை வியப்பர். என் உள்ளமோ மூன்றாமவரையே நாடுகின்றது. கார்லோசின் கை அந்தத் துவாலையை எறிந்த கணத்தில் அவர் செய்தது என்ன? தம்பியின் மானத்தைக் காத்தாரா, பறித்தாரா? தன் உடலைப் பற்றித் 'தொடர்வேன்' என்று சொல்லும் ஒருவனிடம், 'போதும்' என்று சொல்லும் உரிமை இன்னொருவனுக்கு உண்டா? இதுவே இக்கட்டுரையின் வினா.

தரையில் நடப்பது

இன்று உலகெங்கும் இளைஞரை ஈர்த்து வரும் எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டையில் குத்தும் உண்டு, உதையும் உண்டு, மற்பிடியும் உண்டு. மற்ற சண்டைகளிலிருந்து அதனை வேறுபடுத்துவது தரைப் போரே. குத்துச்சண்டையில் ஒருவன் விழுந்தால் மற்றவன் விலகி நிற்க வேண்டும். நடுவர் எண்ணத் தொடங்குவார். விழுந்தவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். கலப்புச் சண்டையில் விழுந்தவனோடு மற்றவனும் விழுகிறான். சண்டையின் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தரையில் ஒரு சண்டை முடிவதற்கு வழிகள் மூன்று. முதலாவது, பூட்டு. முழங்கை, தோள், முழங்கால் ஆகிய மூட்டுகளை அவை மடங்கும் எல்லைவரை கொண்டு செல்வது. எல்லை தாண்டினால் தசைநார் கிழியும், எலும்பு முறியும். இரண்டாவது, கழுத்துப் பிடி. கழுத்தின் இரு மருங்கிலும் மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் நாடிகளை அழுத்தினால், சில நொடிகளிலேயே அறிவு மயங்கும். உடனே விட்டுவிட்டால் பெரும்பாலும் விரைவில் தெளியும். விடாமற்போனால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூன்றாவது, மேலே அமர்ந்தவன் கீழே கிடப்பவனை அடித்தல். மூன்றினுள் கொடியதும், நிறுத்துங்கால் அறிவதற்கு அரியதும் இதுவே.

ஏன் அரியது? பூட்டில் ஒரு மூட்டின் வளைவைக் கண்ணால் காணலாம். கழுத்துப் பிடியில் கை தளர்வதைக் காணலாம். அடியிலோ, கீழே கிடப்பவன் முகத்தை மூடியிருக்கிறான்; மேலே இருப்பவனின் உடல் பாதியை மறைக்கிறது. அவன் பொறுத்திருந்து வழி தேடுகிறானா, அன்றி அறிவிழந்து கிடக்கிறானா? இரண்டும் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்று போலவே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்தறிய நடுவருக்குக் கிடைப்பது இரண்டொரு நொடி.

இத்தகைய சண்டையே தகுமா என்னும் வினா நம் குடும்பங்களில் எழுவது இயல்பே. ருக்கானா என்னும் மல்லரோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மற்போர் செய்ததாக அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞரிடையே ஆய்வும் உண்டு. முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததையும் நாம் அறிவோம். 1987ஆம் ஆண்டு மக்காவில் கூடிய மார்க்கச் சட்ட அறிஞர் கழகம், உடலுக்குப் பெருங்கேடு விளைவிக்கும் குத்துச்சண்டையை ஆகாது என்று முடிவு செய்தது. அவ்வினாவை ஆலிம்களிடம் விட்டுவிடுகின்றேன். நாம் ஒப்பினும் ஒப்பாவிடினும் இச்சண்டைகள் நடந்துகொண்டே இருக்கின்றன. நம் சமுதாயத்து இளைஞரும் அவற்றில் இறங்குகின்றனர். இறங்கியவனை எப்போது வெளியே எடுப்பது என்பது, இறங்கலாமா என்பதினும் வேறான வினா. அதற்கும் விடை வேண்டுமன்றோ?

நான்கு கைகள்

ஒரு சண்டையை நிறுத்தவல்ல கைகள் நான்கு. தோற்பவனின் கை ஒன்று. அவனுடைய பயிற்சியாளரின் கை ஒன்று. நடுவரின் கை ஒன்று. நான்காவதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோற்பவனின் கையை முதலில் எடுத்துக்கொள்வோம். தரையையோ எதிரியின் உடலையோ தட்டினால், அந்தக் கணமே சண்டை முடிந்தது. வாயால் சொன்னாலும் போதும். வலியால் அலறினாலும் அதனைச் சரணாகவே கொள்வர். பயிற்சிக் கூடத்தில் ஒருவன் ஒரு நாளில் பத்து முறையும் தட்டுவான். பத்து முறையும் எழுந்து சிரித்துக்கொண்டே கைகுலுக்குவான். தட்டத் தெரிந்ததனாலேயே அவன் மறுநாளும் வந்து கற்க முடிகிறது. ஆகவே தட்டுதல் கோழைத்தனமன்று. அது கல்வியின் பகுதி.

ஆனால் பயிற்சிக் கூடத்தில் எளிதாகத் தட்டும் அதே இளைஞன், ஆயிரம் கண்கள் பார்க்கும் கோதாவில் தட்ட மறுக்கின்றான். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் கனடாவின் டொராண்டோ நகரில் இது நிகழ்ந்தது. பிரேசிலின் அந்தோனியோ ரொட்ரிகோ நொகேரா பிடிக்கலையில் பெரும்பெயர் பெற்றவர். அமெரிக்கரான ஃபிராங்க் மிர் அவருடைய கையை அதே கிமுராப் பூட்டில் சிக்கவைத்தார். நொகேரா தட்டுவதற்குள் மேற்கை எலும்பு முறிந்துபோயிற்று. அறுபது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் அதே பூட்டு, மீண்டும் ஒரு பிரேசில் வீரர், மீண்டும் ஒரு முறிவு! அறியாமையால் நேர்ந்ததா இது? அந்தப் பூட்டை அவரினும் அறிந்தவர் சிலரே. மானம் அறிவை முந்திக்கொண்டது, அவ்வளவே.

கழுத்துப் பிடியில் நிலைமை இன்னும் நுட்பமானது. எந்த அறிவைக் கொண்டு 'போதும்' என்று முடிவு செய்ய வேண்டுமோ, அந்த அறிவையே அந்தப் பிடி பறிக்கின்றது. தலையில் விழும் அடியும் அத்தகையதே. ஆகவே முதற்கையை மட்டும் நம்ப இயலாது.

பயிற்சியாளரின் துவாலை

இரண்டாவது கை பயிற்சியாளருடையது. குத்துச்சண்டை வரலாற்றில் இதற்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. 1975 அக்டோபர் 1ஆம் நாள் பிலிப்பைன்சில் முகம்மது அலீயும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாம் முறையாக மோதினர். பதினான்கு சுற்றுகள் முடிந்தன. எஞ்சியது ஒரே ஒரு சுற்று. ஃபிரேசியரின் கண்கள் வீங்கி, வரும் குத்து தெரியாத நிலை. தொடரவே அவர் விரும்பினார். அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் மறுத்துவிட்டார். சண்டை அத்துடன் முடிந்தது. எதிர் மூலையில் அலீயும் களைத்துச் சரியும் நிலையிலேயே இருந்தார் என்பதைப் பின்னர் உலகம் அறிந்தது. ஆதலால் ஃபிரேசியருக்கு அந்த முடிவின்மேல் மனத்தாங்கல் இருந்ததில் வியப்பில்லை. ஃபட்ச் தம் முடிவுக்காக வருந்தவில்லை.

அதே அலீயின் வாழ்வில் இதற்கு மாறான பாடமும் உண்டு. 1977ஆம் ஆண்டு ஏர்னி ஷேவர்சுடன் நடந்த சண்டைக்குப்பின், அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி நிறுத்த வேண்டும் என்று எச்சரித்தார், கேட்பாரில்லாமற்போகவே விலகிக்கொண்டார். 1980 அக்டோபர் 2ஆம் நாள் லேரி ஹோம்ஸ், அலீயைப் பத்துச் சுற்றுகள் அடித்தார். பத்தாம் சுற்றின் முடிவிலேயே பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அதன் பின்னரும் 1981இல் மீண்டும் ஒரு சண்டை. 1984இல் அவருக்கு நடுக்கு நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தனர். அந்நோய்க்கு அந்த அடிகள் எத்துணைக் காரணம் என்பதை மருத்துவர் பேசட்டும். நாம் கேட்பது இதுதான்: அவரைச் சூழ்ந்திருந்த அத்தனை பேரில் 'போதும்' என்று சொன்னவர் எத்தனை பேர்? சொன்னவரின் சொல் ஏன் ஏறவில்லை? ஒருவனுடைய சண்டையால் பலர் வாழும்போது, 'போதும்' என்னும் சொல் அவர்கள் நாவில் எளிதில் வருவதில்லை.

நடுவரின் கை

மூன்றாவது கை நடுவருடையது. அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆதலின் அவர் கையையே நாம் பெரிதும் நம்புகின்றோம். ஆயினும் அந்தக் கைக்கு அதிகாரம் எளிதில் வந்துவிடவில்லை. 1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்னும் பெயரில் முதற் கலப்புச் சண்டைப் போட்டி நடைபெற்றபோது, சண்டையை நிறுத்தும் அதிகாரம் நடுவருக்கு இல்லை. வீரன் தட்ட வேண்டும், அல்லது அவன் பக்கத்தார் துவாலை எறிய வேண்டும். 1994இல் நடந்த இரண்டாம் போட்டியில் ஜான் மெக்கார்த்தி என்பவர் நடுவராக நின்றார். அடிபட்டுக் கிடப்பவனைக் கண்டும் கைகட்டி நிற்க வேண்டிய அந்நிலையை அவர் ஏற்கவில்லை. அதிகாரம் தந்தாலன்றித் தொடரேன் என்றார். அதே ஆண்டின் மூன்றாம் போட்டியிலிருந்து அந்த அதிகாரம் நடுவருக்குக் கிடைத்தது.

அந்த அதிகாரத்தின் மாண்பைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 2004 ஜூன் 19ஆம் நாள் லாஸ் வேகாஸ் நகரில் நடந்தது. ஃபிராங்க் மிர், டிம் சில்வியாவின் கையைத் தரையில் பூட்டினார். நடுவர் ஹெர்ப் டீன் திடீரெனப் பாய்ந்து சண்டையை நிறுத்தினார். சில்வியா தமக்கு ஒன்றும் இல்லை என்று வாதிட்டார். அரங்கம் நடுவரை இகழ்ந்து கூச்சலிட்டது. பின்னர் பெருந்திரையில் அக்காட்சியை மெதுவாகக் காட்டியபோது, முன்கை எலும்பு முறிவதை அனைவரும் கண்டனர், கூச்சல் அடங்கியது. தம்மை அன்று காத்தவர் அந்த நடுவரே என்பதைச் சில்வியாவும் பின்னர் ஒப்புக்கொண்டார்.

முறிந்த கைக்கு உரியவர் முறியவில்லை என்கிறார். எதிரில் நிற்பவர் முறிந்தது என்கிறார். எவர் சொல் மெய்? 'என் உடலை என்னினும் அறிந்தவர் யார்?' என்று நாம் அன்றாடம் கேட்கின்றோம். போர் வெறி தலைக்கேறிய கணத்தில், அவ்வுடலைப் பிறரே நன்கு அறியக்கூடும் என்பதற்கு இது சான்று.

எனினும் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். 2010 ஜூலை 3ஆம் நாள் பிராக் லெஸ்னர் என்னும் வீரரை ஷேன் கார்வின் முதற்சுற்றில் தரையில் கிடத்தி இடைவிடாது அடித்தார். பார்த்தவர் பலர் முடிந்தது என்றே எண்ணினர். நடுவர் நிறுத்தவில்லை. லெஸ்னர் தலையை மறைத்துக்கொண்டு, உடலை அசைத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் சுற்றில் கார்வின் களைத்துப்போனார். லெஸ்னர் கழுத்துப் பிடியால் வென்றார். அன்று நடுவர் அவசரப்பட்டிருந்தால், ஒருவனின் பொறுமைக்கு உரிய பரிசு பறிபோயிருக்கும்.

ஆகவே நடுவர் நோக்க வேண்டியது குருதியையன்று, வலியையன்று, அரங்கின் ஓசையையுமன்று. கிடப்பவன் அறிவோடு தன்னைக் காத்துக்கொள்கிறானா என்பது ஒன்றே அளவுகோல். அவன் கைகள் வெறுமனே முகத்தை மூடியிருக்கின்றனவா, அன்றித் தன் நிலையை மாற்ற ஏதேனும் செய்கின்றனவா? இடுப்பை நகர்த்துகிறானா? எதிரியின் மணிக்கட்டைப் பற்றுகிறானா? 'எதையேனும் செய்' என்று நடுவர் குரல் கொடுத்தால், அந்தக் குரல் அவன் காதில் ஏறுகிறதா? ஏறவில்லையெனில் அது சண்டையன்று. ஒருவன் அடிக்க ஒருவன் அடிபடுவது மட்டுமே.

கற்றுக்குட்டிக்கு எவ்வளவு?

தொழில்முறை வீரனுக்கு இவ்வளவென்றால், அமெச்சூர் வீரனுக்கு எவ்வளவு? இங்கேதான் அளவுகோல் சற்றுச் சாய வேண்டும் என்பேன். 2012இல் தோன்றிய உலக அமெச்சூர்க் கலப்புச் சண்டைக் கூட்டமைப்பின் விதிகளில், தொழில்முறைச் சண்டையின் ஐந்து நிமிடச் சுற்று மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. முழங்கையால் அடிப்பதும் விலக்கப்பட்டது. குதிகாலைப் பற்றி முழங்காலைத் திருகும் பூட்டைப் பல அமெச்சூர் விதிகள் தடுக்கின்றன. காரணம், வலி தெரிவதற்கு முன்பே தசைநார் கிழிந்துவிடக்கூடும், தட்டுவதற்கு நேரமிராது. விதி செய்தவர்கள் ஓர் உண்மையை உணர்ந்தே செய்தார்கள்: புதியவனுக்குத் தன் எல்லை தெரியாது.

இளைஞன் ஒருவன் முதன்முறை கோதாவில் இறங்குகிறான். பரிசுப் பணம் இல்லை. நண்பர்கள் வந்திருக்கிறார்கள், தந்தை வந்திருக்கிறார். மறுநாள் அவன் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்ல வேண்டியவன். அவன் சில மாதங்களாகத் தாக்கவே கற்றிருக்கிறான். தரையில் அடிபட்டுக்கொண்டே சிந்திக்கும் கலையை இனித்தான் கற்க வேண்டும். அவனிடம் லெஸ்னரின் பொறுமையை எதிர்பார்ப்பது நீதியாகுமா?

நடுவர் தவறலாம், மனிதர் தவறுவர். ஆனால் அவருக்கு முன்னே இருக்கும் இரு தவறுகளும் சமமானவையல்ல. ஒரு கணம் முன்னே நிறுத்திவிட்டால், இளைஞன் சினப்படுவான், நண்பர்கள் இகழ்வர், ஆறு மாதத்தில் இன்னொரு போட்டி வரும். ஒரு கணம் பின்னே நிறுத்தினால், சில வேளைகளில் அந்த ஆறு மாதம் வருவதே இல்லை. 2016 ஏப்ரலில் அயர்லாந்தின் டப்ளின் நகரில், ஜோவாவ் கார்வல்யோ என்னும் போர்த்துக்கேய வீரர், தரையில் விழுந்த அடிகளுக்குப்பின் நடுவர் சண்டையை நிறுத்தியபின், தம் கால்களாலேயே கோதாவை விட்டு வெளியேறினார். இரண்டு நாளில் மருத்துவமனையில் மாண்டார். அது தொழில்முறைச் சண்டை. எவரையும் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. விதிப்படி எல்லாம் நடந்தும், நிறுத்திய பின்னும், ஓர் உயிர் போகக்கூடும் என்னும்போது, ஐயம் எழுந்த இடத்தில் எந்தப் பக்கம் சாய்வது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

'அப்படியானால் அவனுடைய உரிமை?' என்பர். உரிமை உண்டு. ஆனால் கோதாவில் இறங்குமுன், தெளிந்த அறிவோடு, நடுவரின் முடிவுக்குக் கட்டுப்படுவேன் என்று ஒப்பியவனும் அவனே. தலை சுழலும்போது 'விடாதே' என்பவனும் அவனே. இருவரில் எவன் சொல்லைக் கேட்பது? தெளிந்தவன் சொல்லையே கேட்க வேண்டும். ஆகவே நடுவர் அவன் உரிமையைப் பறிக்கவில்லை. அவன் தெளிவோடிருந்தபோது ஒப்படைத்த அமானிதத்தைக் காக்கின்றார். உடலே நமக்கு அமானிதம் என்று நம்புவோர்க்கு இது எளிதில் விளங்கும்.

நான்காவது கை

இப்போது நான்காவது கை. அது வெல்பவனின் கை. எதிரியின் உடல் தளர்வதை எல்லோர்க்கும் முன்னே அறிபவன் அவனே. நடுவர் கண்ணால் அறிவதை அவன் தோலால் அறிகின்றான்.

தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவ், தந்தையும் பயிற்சியாளருமான அப்துல்மனாபை 2020 ஜூலையில் இழந்தார். அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் அபுதாபியில் ஜஸ்டின் கேய்ஜியை எதிர்த்தார். தரையில் கைப்பூட்டும் போட்டிருக்கலாம். கழுத்துப் பிடியும் போட்டிருக்கலாம். கேய்ஜி எளிதில் தட்டுபவரல்லர், பூட்டினால் கை முறியும். பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் முன்னிலையில் அதைச் செய்ய மனமில்லாமல் கபீப் கழுத்துப் பிடியைத் தேர்ந்தார் என்று, அவருடைய நண்பரும் வீரருமான டேனியல் கோர்மியர் பின்னர் எடுத்துரைத்தார். கேய்ஜி தட்டவும் செய்தார். ஆனால் நடுவர் அதை உடனே காணவில்லை. சில நொடிகள் மயங்கிப் பின் தெளிந்தார். அன்றே கபீப், தந்தையின்றி இனிச் சண்டையில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைச் சொல்லி, தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றார்.

தந்தையை இழந்த மகன், எதிரியின் பெற்றோரை நினைத்தான்! வலிமையை வீழ்த்துவதில் காணாது, தன்னை அடக்குவதில் காணச் சொன்ன நபிமொழியின் பொருள் இதுவன்றி வேறென்ன? எத்துணைத் திறமையுள்ள நடுவரும் காணத் தவறும் கணம் ஒன்று உண்டு என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அக்கணத்தில் எஞ்சுவது வெல்பவனின் மனச்சான்று மட்டுமே.

இதை எழுதுகையில் என் இளமை நினைவு ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. பள்ளிப் பருவத்தில் ஆற்றுமணலில் நண்பர்களோடு மற்பிடி போடுவோம். ஒருநாள் ஒரு தோழனின் கையை மடக்கிக்கொண்டேன். அவன் மணலில் தட்டினான். எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். இரண்டு மூச்சு நேரம் கூடுதலாகப் பிடித்திருந்தேன். அந்த இரண்டு மூச்சில் எனக்குக் கிடைத்த வெற்றி ஏதுமில்லை, முன்பே வென்றாயிற்று. அவனுக்கோ தோள்வலி பல நாள் நீடித்தது. 'நீ காணவில்லை போலும்' என்று அவனே எனக்காகச் சாக்குச் சொன்னான். கண்டேன் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

அன்பர்களே! கோதாவில் இறங்குவோர் நம்மிற் சிலரே. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் வாக்குவாதத்தில், மனைவியோ மகனோ வாயடைத்துத் தலைகுனிந்த பின்னும் இரண்டு சொல் கூடுதலாகச் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? சொத்து வழக்கில் தம்பி விட்டுக்கொடுத்த பின்னும் அவனை இழுத்தடிக்காதவர் எத்தனை பேர்? அங்கே நடுவர் இல்லை. துவாலை எறியப் பெரியவர்களும் பல வீடுகளில் இன்று இல்லை. தட்டும் ஓசை மட்டும் கேட்கிறது. கேட்பவன் வெல்பவன் ஒருவனே.

அன்று மரக்கானாவில் முறிந்த கையோடும் 'போதும்' என்று சொல்லாத ஹெலியோவுக்காக அதைச் சொன்னது உடன்பிறந்த அன்பு. அதனால் அவர் மானம் குறையவில்லை. முறிந்த கை ஆறியது. ஹெலியோ 95 வயதுவரை வாழ்ந்து 2009இல் மறைந்தார். 'போதும்' என்பது தோற்பவனின் கடன் மட்டுமன்று. அவனைச் சேர்ந்தவரின் கடன். நடுவில் நிற்பவரின் கடன். எல்லோர்க்கும் முன்னே, மேலே இருப்பவனின் கடன்.